பதினோராவது விருந்தாளி

சீட்டு பதினேழு இருந்தது. பொம்மை பதினாறுதான் இருந்தது.

ஓரெஸ்ட் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். கரடி ஐந்து, முயல் மூன்று, டைனோசர் மூன்று, பூனை இரண்டு, யானை, பெங்குவின், கடமான் தலா ஒன்று. இந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் பதினாறுக்கு மேல் ஒரு வால்கூடத் தேறவில்லை. மேசைக்கு அடியில் தவழ்ந்து பார்த்தார். ஐம்பத்து மூன்று வயதில் இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் கண்ட பலன்.

வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்தேகால். வெளியே மைனஸ் இருபத்தெட்டு. நூலகம் மூட இன்னும் முக்கால் மணி நேரம்.

பிப்ரவரியில் ஒருநாள் ஊர்ப் பிள்ளைகளின் பொம்மைகள் நூலகத்தில் தங்குவது கனடாவின் மனிடோபா மாகாணத்தில் இருந்த அந்தச் சிற்றூரில் பல வருட வழக்கம். பிள்ளைகள் பொம்மையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடும். பொம்மைகள் அலமாரி ஏறும், புத்தக வண்டியில் சவாரி போகும், கடைசியில் ஆளுக்கொரு புத்தகம் படிக்கும். நூலகர் எல்லாவற்றையும் படம் பிடிப்பார். மறுநாள் காலையில் படத்தோடு, பொம்மை படித்த புத்தகமும் பிள்ளையின் கைக்குப் போகும். நூலகர் கெஞ்சினாலும் புத்தகம் பக்கம் திரும்பாத வாண்டுகள், தன் கரடி சிபாரிசு செய்தது என்றால் கட்டிப்பிடித்துக்கொண்டு போகும். எழுத்து தெரியாத வயதிலேயே புத்தகத்தின் மேல் ஆசை வந்துவிட்டால், எழுத்து பின்னாலேயே வந்துவிடும் என்பது கணக்கு.

காணாமல் போனது பதினோராம் எண். பதிவேட்டில் ஓரெஸ்டின் கையெழுத்திலேயே இருந்தது: "மார்லோ, நான்கு வயது. பொம்மையின் பெயர்: கிடையாது. இனம்: தெரியவில்லை. நிறம்: சாம்பல், அல்லது அழுக்கு. காது: ஒன்று."

"போச்சு," என்றார் ஓரெஸ்ட், யானையைப் பார்த்து. "எல்லாரையும் விட்டுட்டு அவளோடதா தொலையணும்?"

யானை என்ன செய்யும், பாவம்.

ஓரெஸ்ட் இருபத்திரண்டு வருடம் அடித்தளத்தில் பழைய நில வரைபடங்களோடு குடித்தனம் நடத்தியவர். சிறுவர் பகுதிப் பெண் பிரசவ விடுப்பில் போனதால், மூன்று மாதத்துக்கு மட்டும் என்று சொல்லி அவரை மேலே ஏற்றிவிட்டார்கள். முதல் வாரம் பிள்ளைகளிடம், "புத்தகத்தைத் தொடாதீங்க, கை அழுக்கா இருக்கு," என்று சொன்ன ஆள் அவர். மூன்றாவது வாரம் கதையில் வந்த தவளைக்குக் குரல் கொடுத்தார். ஒரு குழந்தை சிரித்து உருண்டது. அன்றைக்கு அவருக்குள் ஏதோ கழன்றுவிட்டது. இனிமேல் கீழே போய் வரைபடங்களின் முகத்தில் விழிக்க அவருக்கு மனமே இல்லை.

அந்தப் பெண் திரும்பி வரப்போவதில்லை என்று கடிதம் வந்திருந்தது. வேலையைத் தனக்கே நிரந்தரமாகத் தரச் சொல்லி, தலைமை நூலகர் வெர்னாவிடம் கேட்டிருந்தார். வெர்னா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"ஓரெஸ்ட், நீ தவளை மாதிரி கத்துறது நல்லாதான் இருக்கு. ஆனா அந்த மார்லோ இருக்காளே, பத்து வாரமா கதை நேரத்துல உனக்கு முதுகக் காட்டிட்டு உக்காந்திருக்கா. போன வாரம் புத்தகம் குடுத்தா, அத அடில போட்டு சறுக்கி விளையாடினா. அவ ஒரே ஒரு புத்தகத்த ஆசைப்பட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டும், வேல உனக்குத்தான்."

"எடுக்கலைன்னா?"

"அடித்தளத்துல ஹீட்டர் போட்டுத் தர்றேன்."

அந்த மார்லோதான் இன்று மதியம், கேட்காமலேயே, கோட்டுக்குள்ளிருந்து ஒரு பொம்மையை உருவி மேசைமேல் போட்டிருந்தாள். அம்மா ஷெல்பி காரை அணைக்காமல் வாசலோடு நின்று கையெழுத்துப் போட்டாள். "பொம்மை இல்லாம இவ ஒரு ராத்திரிகூடத் தூங்கினதில்லைங்க. எப்படி மனசு வந்து குடுக்கறான்னே தெரியல. உங்க உயிர் மாதிரி பாத்துக்கோங்க," என்று கத்திவிட்டு ஓடினாள்.

உயிர் மாதிரி பார்த்துக்கொண்ட லட்சணம் இது.

எல்லாப் பொம்மைகளையும் மாடிக்குக் கொண்டுபோகச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டிகளில் போட்டது ஓரெஸ்டுக்கு நினைவு வந்தது. கிளை நூலகங்களுக்குப் புத்தகம் போவதும் அதே சாம்பல் நிறப் பெட்டியில்தான் என்பது அதற்கு அடுத்தாற்போல் நினைவு வந்தது. வேன் இரண்டு மணிக்கே வந்துபோனது மூன்றாவதாக நினைவு வந்தது. ஓரெஸ்ட் வேன் ஓட்டும் டேரிலுக்குப் போன் போட்டார்.

"டேரில், நீ எடுத்துட்டுப் போன பெட்டில ஒரு பொம்மை இருந்துச்சா?"

"தலைவா, நான் பெட்டி தூக்குறவன். உள்ள கரடி உசுரோட இருந்தாலும் தூக்குவேன்."

"பெட்டி இப்ப எங்க?"

"பிளம்ரிட்ஜ் கிளைல இறக்கியாச்சு. நான் வீட்டுக்கு வந்து பேரோகிக் கொழுக்கட்டை தின்னுட்டு இருக்கேன்."

"போய் எடுத்துட்டு வந்துடேன், உனக்குப் புண்ணியமாப் போகும்."

"அறுபது கிலோமீட்டர். ரோடு பூரா ஐஸ். பேரோகி சூடா இருக்கு. நீயே யோசிச்சுப் பாரு."

ஓரெஸ்ட் யோசித்தார். டேரில் பக்கம் நியாயம் இருந்தது.

"நாளைக்கு எப்படியும் அந்தப் பக்கம் போறேன்," என்றான் டேரில், வாயை நிரப்பிக்கொண்டு. "ஒன்பதரைக்குள்ள உன் கைல இருக்கும். போதுமா?"

பிள்ளைகள் வருவது பத்தரைக்கு. ஓரெஸ்டுக்குப் பாதி உயிர் வந்தது. உடனே பிளம்ரிட்ஜ் கிளையைப் பார்த்துக்கொள்ளும் ஐரீனைக் கூப்பிட்டார். ஐரீன் பொம்மையைக் கண்டுபிடித்துக் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஐயோ, இதுவா? குப்பைல போடப் போனேன்ப்பா!"

"போடாதீங்க! அது ஒரு குழந்தையோட உசுரு. பத்திரமா வெச்சிருங்க."

"குழந்தையோடதா? அடப் பாவமே. நீ கவலைய விடு. நான் நல்லா கவனிச்சு அனுப்பறேன்."

'நல்லா கவனிச்சு' என்ற வார்த்தையில் ஓரெஸ்ட் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கவில்லை.

அதற்குள் வெர்னா கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "ஆறு மணிக்கு எல்லாப் படமும் என் மேசைக்கு வரணும். பதினேழும்."

"பதினேழும்," என்றார் ஓரெஸ்ட். அவர் குரல் தவளைக் குரலாக வந்தது.

பதினாறு பேரையும் வண்டியில் ஏற்றி, அலமாரியில் தொங்கவிட்டு, புத்தகத்தின் முன்னால் உட்கார வைத்துப் படம் எடுத்து முடித்தார். பதினோராம் எண்ணுக்கு, காலி அலமாரி ஒன்றைப் படம் பிடித்து, கீழே எழுதினார்: "பதினோராம் நண்பர் ஒளிந்து விளையாடுகிறார்." அடுத்த படம், மூடிய கதவு. "இங்கேயும் ஒளிந்திருக்கிறார்." மூன்றாவது, ஜன்னல் திரை. "இவரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை!" இந்த மூன்றாவதில் பொய் துளியும் கிடையாது.

பார்த்தபோது அவருக்கே சரியாகப் படவில்லை. முகம் தெரியாவிட்டாலும் முதுகாவது தெரிய வேண்டாமா? சாம்பல் நிறத்தில் எதையாவது தேடினார். தரைவிரிப்பு சாம்பல்தான், ஆனால் பெயர்த்தால் கேள்வி வரும். கடைசியில் தன் காலைப் பார்த்தார்.

அவருடைய கம்பளிக் காலுறை நல்ல சாம்பல் நிறம். கழற்றி, உள்ளே காகிதத்தைத் திணித்து, நுனியை முறுக்கி ஒரு காது செய்தார். கண்ணும் மூக்கும் இல்லாத குறையை மறைக்க ஒரு பெரிய புத்தகம் தேவைப்பட்டது. சிறுவர் புத்தகம் எல்லாம் ஒல்லி. பெரியவர்கள் பகுதிக்கு ஓடி, கையில் கிடைத்ததில் பெருத்ததை எடுத்து வந்தார். டிராக்டர் பழுதுபார்க்கும் கையேடு, எழுநூறு பக்கம். காலுறை அதன் பின்னால் உட்கார்ந்து காதை மட்டும் நீட்டியது. பார்க்க, வேலைக்குப் போகப் படிக்கிற ஆள் மாதிரி இருந்தது.

வெர்னா படங்களைப் புரட்டினாள். பதினொன்றில் நின்றாள். "இது டிராக்டர் புத்தகமாச்சே?"

"அது... அதுவே தேர்ந்தெடுத்தது."

"ம்." அவள் பார்வை கீழே இறங்கியது. "உன் ஒரு காலுக்கு ஏன் காலுறை இல்ல?"

"வேர்த்துச்சு."

"மைனஸ் இருபத்தெட்டுல?"

"ஒரு காலுக்கு மட்டும்," என்று சொல்லிவிட்டு, காலுறைப் பொம்மையை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்து, அந்த ஒரு கால் மரத்துப்போக வீடு போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் காலை சொன்னபடி ஒன்பதரைக்கு டேரில் வந்தான். காகிதப் பையை நீட்டினான். "இந்தா உன் உசுரு."

ஓரெஸ்ட் பைக்குள் கையை விட்டார். மெத்தென்று இருந்தது. லாவெண்டர் வாசனை வந்தது. வெளியே எடுத்தார்.

மஞ்சள் நிற வாத்து ஒன்று அவரைப் பார்த்துச் சிரித்தது.

"டேரில், இது வேற யாரோடதோ."

"ஐரீன் இதத்தான் குடுத்தாங்க. நான் பை தூக்குறவன்."

ஓரெஸ்ட் உடனே ஐரீனைக் கூப்பிட்டார்.

"பாத்தியா?" என்று ஐரீன் பூரித்தாள். "மூணு தடவ துவைச்சேன்ப்பா! முதல் தண்ணி காப்பிக் கஷாயம் மாதிரி வந்துச்சு. மூணாவதுலதான் வாத்துன்னே தெரிஞ்சுது!"

"அதுக்கு... அதுக்கு ஒரு காதுதானே இருந்துச்சு?"

"காதா? அது றெக்கைப்பா! இன்னொரு றெக்க பிஞ்சு போயிருந்துச்சு, நானே தச்சுட்டேன். ஒரு கண்ணு இல்ல, என் கோட்டுப் பொத்தான வெச்சேன். அலகுக்குக்கூட—"

ஓரெஸ்ட் போனை வைத்துவிட்டார். அந்த நல்ல மனுஷியைத் திட்டவும் வாய் வரவில்லை. நாலு வயதுப் பிள்ளையின் பொம்மையைத் துவைப்பதைவிடத் தொலைத்துவிடுவது மேல் என்பது சிறுவர் பகுதியில் மூன்று மாதம் இருந்தவனுக்குக்கூடத் தெரியும். அந்த அழுக்கும் வாசனையும் போனால் அதுவே போன மாதிரி.

மணி ஒன்பது நாற்பது. ஐம்பது நிமிடத்தில் நாலு வருட அழுக்கை ஏற்றியாக வேண்டும்.

முதலில் ஊழியர் அறையில் கெட்டியாகத் தேநீர் போட்டு வாத்தை முக்கினார். வாத்து ஆரஞ்சு நிறமானது. தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் பையைக் கொட்டி அதில் புரட்டினார். வாத்துக்கு முடி முளைத்தது. இன்னும் கொஞ்சம் கருக்கட்டும் என்று குளிர்பெட்டியில் கறுப்பாக ஏதாவது இருக்கிறதா என்று துழாவினார். அவசரத்தில் அவருடைய மதியச் சாப்பாட்டு டப்பா கவிழ்ந்தது. உள்ளே இருந்தது அவருடைய அக்கா செய்து அனுப்பிய பீட்ரூட் சூப். வாத்து அதற்கு நேர் கீழே இருந்தது.

இப்போது வாத்து ஊதா நிறம்.

ஊதா நிறத்தில், முடியோடு, ஈரமாக, பீட்ரூட்டும் லாவெண்டரும் சேர்ந்த வாசனையோடு இருந்தது. தைத்த இறக்கையைக் கத்தரித்துவிட்டால் பழைய காதாவது திரும்பும் என்று கத்தரித்தார். கத்தரித்த பிறகுதான் அது பழைய இறக்கை, ஐரீன் தைத்தது மற்றது என்று தெரிந்தது. மிச்சம் இருந்ததை வாரிக்கொண்டு கழிப்பறைக்கு ஓடி, கை உலர்த்தும் இயந்திரத்துக்கு அடியில் பிடித்தார்.

கதவை யாரோ தட்டினார்கள். வெர்னாதான்.

"ஓரெஸ்ட், உள்ள என்ன பண்ற?"

"கை காய வெக்கறேன்."

"பத்து நிமிஷமாவா?"

"கை ரொம்ப ஈரம், வெர்னா!"

பத்தரை மணிக்குக் கதவு திறந்தது. கனத்த கோட்டும் பூட்ஸுமாகப் பிள்ளைகள் பனியை உதறிக்கொண்டு உள்ளே புகுந்தன. ஒரு பொடியன் தன் கரடி அலமாரி உச்சியில் நிற்கும் படத்தைப் பார்த்து வாயைப் பிளந்தான். கரடி படித்த மீன்பிடிப் புத்தகத்தை அங்கேயே தரையில் உட்கார்ந்து கரடிக்குக் காட்டத் தொடங்கினான். யானைக்காரி தன் யானை படித்த புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உரக்க 'வாசித்தாள்'. வேறு நாளாக இருந்தால் ஓரெஸ்டுக்கு ஆனந்தக் கண்ணீர் வந்திருக்கும். இன்று அவர் கண் வாசலை விட்டு அகலவில்லை.

கடைசியாக ஷெல்பி மார்லோவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "அதிசயத்தக் கேளுங்க," என்றாள். "ராத்திரி பூரா அழப்போறான்னு பயந்துட்டு இருந்தேன். ஒரு முனகல்கூட இல்ல, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினா!"

வெர்னா கையைக் கட்டிக்கொண்டு அலமாரி ஓரமாக வந்து நின்றாள்.

ஓரெஸ்ட் முதலில் படங்களைக் கொடுத்தார். மார்லோ வாங்கிப் பார்த்தாள். காலி அலமாரி. மூடிய கதவு. ஜன்னல் திரை. காலுறை. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பிறகு பையை வாங்கி, கவிழ்த்துக் கொட்டினாள். ஊதா வாத்து பொத்தென்று விழுந்து, கோட்டுப் பொத்தான் கண்ணால் எல்லோரையும் பார்த்தது.

"என்னங்க இது?" என்றாள் ஷெல்பி. "இது எங்களோடதே இல்ல!"

"உங்களோடதுதாங்க. கொஞ்சம்... துவைச்சாச்சு."

"எங்களோடது முயலுங்க!"

"நாங்களும் ஏதோ காது வெச்சதுன்னுதான் நெனச்சோம். துவைச்சப்பதான் வாத்துன்னு தெரிஞ்சுது."

ஷெல்பி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நாலு வருஷமா முயல் முயல்னு கொஞ்சினோமே!"

மார்லோ வாத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் ஓரெஸ்டை உடைத்தது. இவ்வளவு சின்னப் பிள்ளை முதல்முறையாக நம்பி ஒன்றைக் கொடுத்ததே, அதற்கு என்ன பதில் சொல்வது? அடித்தளம் என்றால் அடித்தளம். இந்தப் பிள்ளையிடம் இனி ஒரு பொய் சொல்ல அவரால் முடியாது. மண்டியிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பெட்டி, பிளம்ரிட்ஜ், ஐரீன், தேநீர், தூசி, சூப், கத்தரிக்கோல், ஒன்று விடவில்லை.

"அந்தப் படத்துல இருக்கறதுகூட உன் பொம்மை இல்லம்மா. என் காலுறை," என்று இழுப்பறையைத் திறந்து அதையும் எடுத்துக் காட்டினார்.

வெர்னா நெற்றியில் கை வைத்தாள்.

மார்லோ காலுறையை வாங்கி முகர்ந்தாள். முகத்தைச் சுளித்தாள். "நாறுது," என்றாள். பத்து வாரத்தில் அவளுடைய முதல் வார்த்தை.

"ஆமா."

"இது படிக்குமா?"

"ப... படிக்கும்."

"என்ன படிச்சுது?"

ஓரெஸ்ட் ஓடிப்போய் டிராக்டர் கையேட்டைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். தரையில் விரித்து, காகிதத்தை உருவிவிட்டுக் காலுறைக்குள் கையை விட்டார். காலுறை தவளைக் குரலில் வாசித்தது: "முதலில்... எஞ்சினில் உள்ள... பழைய எண்ணெயை... வடிக்கவும்!"

மார்லோ சிரித்தாள். சின்னச் சிரிப்பு இல்லை. பின்னால் சாய்ந்து பூட்ஸால் தரையை உதைத்துச் சிரித்தாள். "இது என்ன?" என்று ஒரு படத்தில் விரலை வைத்தாள். விசிறிப் பட்டை என்றது காலுறை. "இது?" வடிகட்டி. "இது?" அது ஓரெஸ்டுக்கே தெரியவில்லை, காலுறை ஏதோ ஒரு பெயர் சொல்லிச் சமாளித்தது. பக்கம் முடிந்ததும் மார்லோ தானே அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். எப்போது அவர் மடியில் சாய்ந்தாள் என்பது இருவருக்குமே தெரியாது.

"இது வீட்டுக்கு," என்றாள், புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து. "இன்னைக்கே."

ஷெல்பி நாற்காலியிலிருந்து எழுந்தாள். முயலா வாத்தா என்ற கவலையெல்லாம் அவள் முகத்திலிருந்து போயிருந்தது. "இவளுக்கு ஒரு அட்டை போடணுமே, எங்க போடறது?" என்று தழுதழுத்த குரலில் கேட்டாள்.

"என்கூட வாங்க," என்றாள் வெர்னா. போகும்போது ஓரெஸ்டின் காதருகே குனிந்தாள். "வேல உனக்குத்தான். ஹீட்டரு மிச்சம். ஆனா ஒண்ணு, ஊழியர் அறை இப்ப இருக்கற கோலத்துக்கு, நீதான் சுத்தம் பண்ணணும்."

ஓரெஸ்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. காலுறையாலேயே துடைத்துக்கொண்டார். மனசு மட்டும் உறுத்தியது. அந்த இருவரும் கவுண்டர் பக்கம் போனதும், ஊதா வாத்தைக் கையில் எடுத்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மார்லோ, உன் பொம்மைய இந்தக் கதி ஆக்கிட்டேனே. என்மேல உனக்குக் கோவமே இல்லையா?"

மார்லோ எழுநூறு பக்கத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அது எங்க நாய் கடிச்சு விளையாடுறது. என் முயல உங்கள நம்பி விடுவேனா?"